இருபரிமாண எலக்ட்ரான் அமைப்புகளில் வெப்பநிலையின் பங்கு: உலோகநிலை – காப்பான்நிலை விவாதம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒன்றோடொன்று இடைவினை புரியும் ஃபெர்மியான்கள் இருபரிமாணத் தளத்தில் அடங்கியிருக்கும்போது, தனிச்சுழி வெப்பநிலையில் அவை உலோகமாக நிலைபெறுமா என்னும் வினா 1979 முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. 1994-இல் சிலிக்கான் மாஸ்ஃபெட் அமைப்புகளில் பெறப்பட்ட அளவீடுகள் இவ்விவாதத்தின் திசையை மாற்றின. வெப்பநிலை குறையும்போது மின்தடை எண் குறைவதை உலோகநிலையின் சான்றாகக் கொள்ளும் வழக்கம் அதன் பின்னர் வேரூன்றியது. அவ்வழக்கம் எந்த அளவுக்கு ஏற்புடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திரையிடல் கோட்பாடு, மீளியல்பாக்கக் குழுக் கோட்பாடு, பெர்கோலேஷன் விளக்கம் ஆகிய மூன்றும் மதிப்பிடப்படுகின்றன. இவ்வமைப்புகளில் வெப்பநிலை என்பது தனிச்சுழியை நோக்கிச் செல்லும் வழி மட்டுமன்று. அளக்கப்படும் பண்பையே உருவாக்கும் காரணிகளுள் ஒன்று என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஃபெர்மியான், இருபரிமாண எலக்ட்ரான் அமைப்பு, மின்தடை எண், ஓரிடப்படுதல், திரையிடல், ஃபெர்மி வெப்பநிலை, நிலைமாற்றம்.

முன்னுரை

எலக்ட்ரான்கள் ஃபெர்மியான் வகையைச் சார்ந்தவை. பௌலியின் தவிர்ப்புத் தத்துவத்தின்படி ஒரே குவாண்ட நிலையில் இரண்டு ஃபெர்மியான்கள் இருத்தல் இயலாது. ஆகவே தனிச்சுழி வெப்பநிலையிலும் அவை தாழ்ந்த ஆற்றல் நிலை முதல் ஃபெர்மி ஆற்றல் வரை அடுக்கடுக்காக நிரம்பி நிற்கின்றன. ஃபெர்மி ஆற்றலுக்கு இணையான வெப்பநிலை ஃபெர்மி வெப்பநிலை எனப்படும். ஓர் எலக்ட்ரான் அமைப்பு குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதை வெப்பநிலைமானி காட்டும் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவ்வெண்ணுக்கும் ஃபெர்மி வெப்பநிலைக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது.

செம்பின் ஃபெர்மி வெப்பநிலை ஏறத்தாழ 80,000 கெல்வின். ஆகவே 1 கெல்வினில் அவ்விகிதம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியதாகும். சிலிக்கான் மாஸ்ஃபெட் அமைப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10,000 கோடி எலக்ட்ரான்கள் இருக்குமாயின், இரட்டை ஆற்றல் பள்ளத்தாக்கையும் எலக்ட்ரான் நிறையின் 0.19 மடங்கான பயனுறு நிறையையும் கொண்டு கணிக்கும்போது ஃபெர்மி வெப்பநிலை சுமார் 7 கெல்வின் மட்டுமே. இங்கு 1 கெல்வின் என்பது ஏழில் ஒரு பங்கு. செம்பின் எலக்ட்ரான்களை இதே விகிதத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் பதினோராயிரம் கெல்வினுக்கு மேல் சூடேற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மிகக் குறைந்த வெப்பநிலை என்று கருதப்படும் எல்லை இவ்வமைப்பைப் பொறுத்தவரை மிதமான வெப்பமேயாகும். பின்வரும் திறனாய்வு முழுவதற்கும் இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

1979-இன் முடிபும் அதன் எல்லையும்

ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, இந்திய இயற்பியலாளர் டி. வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வர் 1979-இல் முன்வைத்த அளவைக் கோட்பாடு, இடைவினையற்ற எலக்ட்ரான்கள் பற்றியது. மாசுகளால் சிதறடிக்கப்படும் எலக்ட்ரான் அலை, தான் சென்ற பாதையையே எதிர்த்திசையில் கடந்துவந்த அலையோடு குறுக்கிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வாய்ப்பை மிகுதிப்படுத்துகிறது. இதனால் அலைச்சார்பு ஓரிடத்தில் அடங்கிவிடும் இயல்பு ‘ஓரிடப்படுதல்’ எனப்படும். முப்பரிமாணத்தில் மாசு குறைவாக இருப்பின் எலக்ட்ரான்கள் இதிலிருந்து தப்பலாம். இருபரிமாணத்தில், காந்தப்புலமும் தற்சுழற்சி–சுற்றியக்க இடைவினையும் இல்லாதபோது, மாசு எவ்வளவு குறைவாயினும் போதிய அளவு பெரிய மாதிரியில் கடத்தல் அற்றுப்போகும் என்பது அக்கோட்பாட்டின் முடிபு. அதன்படி இருபரிமாணத்தில் உண்மையான உலோகம் இல்லை.

மெல்லிய உலோகப் படலங்களில் டோலன், ஓஷெராஃப் ஆகியோர் 1979-இலும், சிலிக்கான் அமைப்பில் பிஷப், சூய், டைன்ஸ் ஆகியோர் 1980-இலும் செய்த சோதனைகளில் வெப்பநிலையின் மடக்கையைச் சார்ந்து மின்கடத்தல் குறைவது காணப்பட்டது. இது கோட்பாட்டுக்கு ஆதரவாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் 1980-இலேயே ஆல்ட்ஷுலர், அரோனோவ், லீ ஆகியோர், எலக்ட்ரான்களுக்கு இடையேயான இடைவினையும் அதே மடக்கை வடிவத்தைத் தரும் என்று காட்டினர். ஒரே வளைகோடு இரண்டு வெவ்வேறு காரணங்களால் விளையக்கூடும் என்பது தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தது. காந்தப்புலத்தைச் செலுத்திக் குறுக்கீட்டு விளைவைத் தனித்து நீக்கும்போதுதான் அவ்விரண்டையும் பிரித்தறிய முடிந்தது. வெப்பநிலை வளைகோட்டை மட்டும் கொண்டு காரணத்தை முடிவுசெய்தல் ஆகாது என்னும் இப்பாடம் பின்வந்த விவாதத்தில் பல இடங்களில் மறக்கப்பட்டது.

ஓரிடப்படுதலின் அளவையும் இங்கு நோக்குதல் வேண்டும். எலக்ட்ரான் சிதறாமல் செல்லும் தொலைவை ஃபெர்மி அலை எண்ணால் பெருக்கக் கிடைக்கும் எண் 10 எனக் கொள்வோமாயின், எளிய மதிப்பீட்டின்படி ஓரிடப்படுதல் நீளம் அத்தொலைவைப் போல் சுமார் 65 லட்சம் மடங்காகும். சிதறாத் தொலைவு 100 நானோமீட்டர் எனில் ஓரிடப்படுதல் நீளம் அரை மீட்டருக்கு மேல் அமையும். சோதனைக்குரிய மாதிரியோ சில மில்லிமீட்டர் அளவினது. எலக்ட்ரான் அலை தன் கட்டத்தை இழக்காமல் செல்லும் நீளமோ பொதுவாக மைக்ரோமீட்டர் அளவிலேயே அமைகிறது. ஆகவே இத்தகைய மாதிரி ‘உண்மையில்’ காப்பானே என்னும் கூற்று கோட்பாட்டளவில் சரியாக இருப்பினும் அதனை நேரடியாகச் சோதித்தறிய வழியில்லை. மடக்கைத் திருத்தம் மட்டுமே அளவீட்டுக்கு எட்டும். திருத்தத்தின் குணகம் ஒன்று எனக் கொண்டால், வெப்பநிலையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும்போது மின்கடத்தல் குவாண்ட அலகில் சுமார் 0.7 குறையும். மொத்தக் கடத்தல் 10 அலகாக இருக்குமாயின் இது 7 விழுக்காட்டு மாற்றம் மட்டுமே.

1994-இன் அளவீடுகள்

இப்பின்னணியில்தான் கிராவ்செங்கோவும் அவருடன் பணியாற்றியோரும் 1994, 1995 ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள் வியப்பை அளித்தன. மிக உயர்ந்த இயக்க எண் கொண்ட சிலிக்கான் மாஸ்ஃபெட் மாதிரிகளில், எலக்ட்ரான் அடர்த்தி ஒரு குறிப்பிட்ட மதிப்பை விடக் குறைவாக இருந்தபோது குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை எண் உயர்ந்தது. அம்மதிப்பை விட அடர்த்தி மிகுந்தபோது, சுமார் 2 கெல்வினுக்குக் கீழ் மின்தடை எண் பல மடங்கு வீழ்ந்தது. சில மாதிரிகளில் அவ்வீழ்ச்சி பத்து மடங்கை நெருங்கியது. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருபடியால் வகுக்கக் கிடைக்கும் சுமார் 25,800 ஓம் என்னும் அலகை ஒட்டிய மின்தடை எண்ணில் இரு நடத்தைகளும் பிரிந்தன. சிலிக்கானில் இவ்வெப்பநிலைகளில் படிக அதிர்வுகளால் நேரும் சிதறல் புறக்கணிக்கத்தக்கது. ஆகவே வீழ்ச்சிக்கான காரணத்தை எலக்ட்ரான்களிடமும் மாசுகளிடமுமே தேட வேண்டியதாயிற்று.

எலக்ட்ரான்கள் தமக்குள் மோதிக்கொள்வதே மின்தடைக்குக் காரணம் என்று கூறுதலும் பொருந்தாது. இருபரிமாண ஃபெர்மி நீர்மத்தில் போலித்துகள்களின் மோதல் வீதம் வெப்பநிலையின் இருபடியையும் ஒரு மடக்கைக் காரணியையும் சார்ந்தது என்பது நிறுவப்பட்ட முடிவு. ஆனால் அத்தகைய மோதல் மொத்த உந்தத்தை மாற்றுவதில்லை. உந்தம் மாறாதவரை மின்னோட்டம் தளர்வதில்லை. இடைவினை தன் விளைவை மாசுச் சிதறலின் வழியாகவே காட்ட இயலும்.

பின்னர் காலியம் ஆர்சனைடு துளை அமைப்புகளிலும் சிலிக்கான்–ஜெர்மானியம் அமைப்புகளிலும் இத்தகைய நடத்தை காணப்பட்டது. ஆயினும் எல்லா அமைப்புகளிலும் வீழ்ச்சியின் அளவு ஒன்றாக இல்லை. காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரான்களின் பயனுறு நிறை 0.067 மடங்கு, ஆற்றல் பள்ளத்தாக்கு ஒன்றே. சிலிக்கானுக்கு மேலே கூறிய அதே அடர்த்தியில் அதன் ஃபெர்மி வெப்பநிலை சுமார் 41 கெல்வின். அவ்வமைப்பில் வீழ்ச்சி மிகக் குறைவாக இருப்பது தற்செயலன்று. வீழ்ச்சி மிகுந்த அமைப்புகள் அனைத்தும் ஃபெர்மி வெப்பநிலை தாழ்ந்தவை. அவையே இடைவினை வலுத்தவையும் ஆகும். இவ்விரு பண்புகளும் எப்போதும் இணைந்தே வருவதால், வீழ்ச்சிக்குக் காரணம் வெப்பநிலை விகிதமா, இடைவினை வலிமையா என்பதைப் பிரித்தறிதல் கடினமாகிறது. விவாதத்தின் மையச் சிக்கல் இதுவே எனலாம்.

குறியீட்டு அளவுகோலின் குறைபாடு

வெப்பநிலையோடு மின்தடை எண் உயர்ந்தால் உலோகம், தாழ்ந்தால் காப்பான் என்னும் அளவுகோல் மேற்குறித்த அளவீடுகளுக்குப் பின் பரவலாகக் கையாளப்பட்டது. இவ்வளவுகோலில் மூன்று குறைபாடுகள் உள்ளன.

முதலாவதாக, உலோகம் என்பதும் காப்பான் என்பதும் தனிச்சுழி வெப்பநிலைக்கு உரிய வரையறைகள். அங்கு மின்கடத்தல் சுழியாகுமா, ஆகாதா என்பதே வினா. சுழியல்லாத வெப்பநிலையில் ஒரு வளைகோட்டின் சரிவு அவ்வினாவுக்கு விடையாகாது.

இரண்டாவதாக, ஒரே மாதிரியில், ஒரே அடர்த்தியில், மின்தடை எண் முதலில் உயர்ந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின்னர் வீழ்கிறது. உச்சத்துக்கு மேற்பட்ட வெப்பநிலையில் காப்பான் என்றும் அதற்குக் கீழ் உலோகம் என்றும் அம்மாதிரியை அழைக்க நேரிடும். வெப்பநிலை வீச்சை மாற்றினால் பெயர் மாறிவிடும் ஓர் அளவுகோல் பொருளின் நிலையைக் குறிப்பதாகாது.

மூன்றாவதாக, மாறுநிலை அடர்த்தி என்பது சோதனையில் எட்டப்பட்ட மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் சரிவு மறையும் அடர்த்தியாகவே குறிக்கப்படுகிறது. இன்னும் குளிர்வித்தால் அம்மதிப்பு நகராது என்பதற்கு உறுதியில்லை. மேலும், வெப்பநிலை மிகத் தாழும்போது எலக்ட்ரான்களுக்கும் படிகத்துக்கும் இடையே ஆற்றல் பரிமாற்றம் தளர்கிறது. வெப்பநிலைமானி படிகத்தின் வெப்பநிலையைக் காட்டும். எலக்ட்ரான்கள் அதைவிடச் சூடாக இருக்கக்கூடும். மின்தடை எண் குளிர்வித்தும் மாறாமல் நிற்பது தனிச்சுழி மதிப்பை எட்டியதாலா, எலக்ட்ரான்கள் குளிராததாலா என்பதைத் தனியே சோதித்த பின்னரே கூற இயலும்.

எதிர்த்தரப்புச் சான்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். காப்பான் பக்கத்தில் கிளர்வுறு ஆற்றல் சுழியாகும் அடர்த்தியை நீட்டிக் கணித்தால் கிடைக்கும் மதிப்பு, மிகத் தூய சிலிக்கான் மாதிரிகளில் சரிவு மறையும் அடர்த்தியோடு ஒத்திருப்பதாக 2001-இல் காட்டப்பட்டது. இரு வேறு வழிகள் ஒரே எண்ணைத் தருவது புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் காப்பான் பக்கத்தில் ஓர் எல்லை உண்டு என்பதை நிறுவுவது, மறுபக்கத்தில் இருப்பது தனிச்சுழி உலோகமே என்பதை நிறுவுவதாகாது. வளைகோடுகள் அனைத்தையும் ஒரே கோட்டில் பொருத்திக்காட்டிய அளவைப் பகுப்பாய்வுக்கும் இதே எல்லை பொருந்தும். குவாண்ட நிலைமாற்றம் உண்டெனில் அத்தகைய பொருத்தம் அமைய வேண்டும். பொருத்தம் அமைவதால் மட்டும் நிலைமாற்றம் உண்டென்று ஆகாது.

மூன்று விளக்கங்களின் மதிப்பீடு

முதல் விளக்கம் திரையிடல் கோட்பாடு. மின்னூட்டம் பெற்ற மாசைச் சுற்றி எலக்ட்ரான்கள் திரண்டு அதன் புலத்தை மறைக்கின்றன. இருபரிமாணத்தில் இத்திரையிடலுக்கு ஃபெர்மி அலை எண்ணின் இருமடங்கில் ஒரு கூர்முனை உண்டு. பின்னோக்கிச் சிதறல் நிகழ்வதும் அவ்வலை எண்ணிலேயே. வெப்பம் அக்கூர்முனையை மழுக்குகிறது; திரை மெலிகிறது; மின்தடை எண் ஃபெர்மி வெப்பநிலையோடான விகிதத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. 1980-இல் ஸ்டெர்ன், 1986-இல் கோல்டு, டோல்கோபோலோவ், 1999-இல் தாஸ் சர்மா, ஹுவாங் ஆகியோர் இவ்வழியில் கணக்கிட்டனர். சோதனைக்கு முன்பே இதன் அடிப்படை வகுக்கப்பட்டிருந்தமை இக்கோட்பாட்டின் சிறப்பு. எந்த அமைப்பில் வீழ்ச்சி மிகும், எதில் குறையும் என்பதையும் இது இயல்பாக விளக்குகிறது. இடைவினை வலிமையற்றது என்னும் தோராயத்தை அடிப்படையாகக் கொண்டமை இதன் குறை. சிலிக்கானில் மேற்குறித்த அடர்த்தியில் எலக்ட்ரான்களின் சராசரி இடைவெளி பயனுறு போர் ஆரத்தைப் போல் சுமார் 8 மடங்கு. தோராயம் செல்லத்தக்க எல்லை ஒன்றை ஒட்டியதேயாகும்.

இக்குறையை ஸாலா, நரோஸ்னி, அலைனர் ஆகியோர் 2001-இல் ஓரளவு களைந்தனர். தற்சுழற்சி சார்ந்த ஃபெர்மி நீர்ம இடைவினையையும் சேர்த்தபோது, நேர்கோட்டுச் சரிவின் குறியே அவ்விடைவினையின் அளவைப் பொறுத்து மாறக்கூடும் என்று அவர்கள் காட்டினர். சரிவின் குறி உலோகத்தையோ காப்பானையோ குறிக்கவில்லை. ஓர் இடைவினை மாறிலியின் அளவைக் குறிக்கிறது என்னும் கருத்து இதிலிருந்து பெறப்படுகிறது. குறியீட்டு அளவுகோலுக்கு எதிரான வலுவான கோட்பாட்டு வாதம் இதுவேயாகும்.

இரண்டாவது விளக்கம் ஃபின்கெல்ஸ்டைன் 1983-இல் தொடங்கிவைத்த மீளியல்பாக்கக் குழுக் கோட்பாடு. எலக்ட்ரான்கள் பலமுறை சிதறி விரவும் தாழ் வெப்பநிலையில், இடைவினையின் தற்சுழற்சிப் பகுதி வெப்பநிலை குறையக் குறைய வலுக்கிறது. அது ஓரிடப்படுதலை எதிர்க்கிறது. ஆற்றல் பள்ளத்தாக்கு ஒன்றாக இருப்பின் இவ்வாறு எதிர்க்கும் வழிகள் 3. சிலிக்கானில் பள்ளத்தாக்கு இரண்டாதலால் 15. புன்னூஸ், ஃபின்கெல்ஸ்டைன் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட கணக்கீடு மின்தடை எண்ணின் உச்சத்தையும் அதற்குப் பின்னான வீழ்ச்சியையும் சிலிக்கான் அளவீடுகளோடு பொருந்துமாறு தந்தது. தளத்துக்கு இணையான காந்தப்புலம் உலோகத்தன்மையை அழிப்பதும் இதனோடு இசைகிறது. புலம் தற்சுழற்சிகளை ஒருமுகப்படுத்தி அவ்வழிகளுட் பலவற்றை அடைத்துவிடுகிறது. தனிச்சுழியில் உலோகம் இருக்கக்கூடும் என்பதற்கு உண்மையான கோட்பாட்டு அடிப்படை தருவது இவ்விளக்கம் ஒன்றே.

ஆயினும் இக்கோட்பாடு செல்லுபடியாகும் வெப்பநிலைக்கு மேல் எல்லை உண்டு. 40,000 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடி என்னும் இயக்க எண்ணைக் கொண்டு கணித்தால் அவ்வெல்லை சுமார் 1.8 கெல்வின், இயக்க எண் குறையும் அடர்த்திகளில் அது உயரும். கீழ்ப்பக்கத்தில் எலக்ட்ரான்களைக் குளிர்விக்கும் சிக்கல் எல்லையாகிறது. இடைப்பட்ட வீச்சு பத்து மடங்கை ஒட்டியது. மடக்கையில் மெல்ல மாறும் ஓட்டத்தை இக்குறுகிய வீச்சில் கண்டு தனிச்சுழி வரை நீட்டுதல் துணிவான செயலாகும். மின்தடை எண் குவாண்ட அலகை ஒட்டி உயரும் மாறுநிலைப் பகுதியில் கோட்பாட்டின் சிறுமாற்றத் தோராயமும் தளர்கிறது.

மூன்றாவது பெர்கோலேஷன் விளக்கம். அடர்த்தி குறையும்போது எலக்ட்ரான் தளம் ஏரிகளும் மேடுகளுமாகப் பிரிகிறது. ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்வரை கடத்தல் நிகழும். இணைப்பு அறும்போது அமைப்பு காப்பானாகும். தாஸ் சர்மாவும் பிறரும் 2005-இல் காலியம் ஆர்சனைடு எலக்ட்ரான் அமைப்பின் அளவீடுகளை இவ்வழியில் விளக்கினர். காப்பான் பக்கத்தின் எல்லையை இது எளிமையாக விளக்குகிறது. ஆனால் உலோகப் பக்கத்தின் வலுவான வெப்பநிலைச் சார்பை விளக்க இது திரையிடலின் துணையை நாட வேண்டியுள்ளது. ஆகவே இதனைத் தனிக்கோட்பாடாகக் கொள்வதினும் முதல் விளக்கத்தின் மறுபாதியாகக் கொள்வதே பொருத்தமுடையது.

மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பனவல்ல. அவை வெவ்வேறு வெப்பநிலை வீச்சுகளுக்கும் அடர்த்தி வீச்சுகளுக்கும் உரியவை. ஒவ்வொன்றும் தன் எல்லைக்கு அப்பால் முழு வரைபடத்தையும் உரிமை கோரியபோதே விவாதம் முரண்பாடாக மாறியது.

சொல்லாட்சி குறித்து

இச்சிக்கலின் ஒரு பகுதி சொல்லில் தங்கியுள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் தமிழில் ‘உலோகம் – காப்பான் நிலைமாற்றம்’ என்று ஆளப்படுகிறது. நிலைமாற்றம் என்பது பனிக்கட்டி நீராதல் போன்ற கூர்மையான எல்லையைக் குறிக்கும் சொல். ஓர் இயல்பு மெல்லத் தேய்ந்து மற்றோர் இயல்பு மேலோங்கும் நிகழ்வைக் ‘கடப்பு’ எனலாம். சோதனை இதுவரை காட்டியிருப்பது கடப்பு என்பதில் எத்தரப்புக்கும் ஐயமில்லை. அதனடியில் நிலைமாற்றம் உள்ளதா என்பதே வினா. நிலைமாற்றம் என்று பெயரிட்டுத் தொடங்கும் பாடநூலோ ஆய்வேடோ வினாவையே விடையாக்கிவிடுகிறது. சுழியல்லாத வெப்பநிலையில் காணப்படும் பண்பை ‘உலோகத்தன்மை’ என்றும், தனிச்சுழியில் நிலவுவதாகக் கூறப்படுவதை ‘உலோகநிலை’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தமிழில் எளிது. கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடுவோர் இவ்வேறுபாட்டைப் பேணுதல் நலம்.

முடிவுரை

இருபரிமாண ஃபெர்மியான் அமைப்புகளில் வெப்பநிலை நான்கு பணிகளைச் செய்கிறது: ஃபெர்மி விளிம்பை மழுக்குகிறது, மாசின் மீதான திரையை மெலிவிக்கிறது, அலைகளின் கட்ட ஒருமையைக் குலைக்கிறது, இடைவினையின் பயனுறு அளவையே மாற்றுகிறது. முப்பரிமாண உலோகங்களில் இவற்றுள் பெரும்பாலானவை சிறு திருத்தங்கள். தாழ்ந்த அடர்த்தி கொண்ட இருபரிமாண அமைப்பில் நான்கும் ஒரே வேளையில், ஒத்த வலிமையோடு இயங்குகின்றன. ஆகவே மின்தடை எண்ணின் வீழ்ச்சியை ஒரு காரணத்தின் மேல் ஏற்றுதலும், அதனைத் தனிச்சுழி வரை நீட்டி ஒரு நிலையின் பெயரைச் சூட்டுதலும் அளவீடு தாங்கும் எல்லையை மீறுவனவாகும்.

இதனால் 1994-இன் கண்டுபிடிப்பின் மதிப்பு குறைந்துவிடவில்லை. இடைவினையற்ற எலக்ட்ரான்களுக்கு வகுக்கப்பட்ட முடிபை இடைவினை வலுத்த அமைப்புகளுக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதை அது உணர்த்தியது. பத்து மடங்கு வீழ்ச்சி என்பது எக்கோட்பாடும் விளக்கியாக வேண்டிய உண்மை. அதன் முக்கியத்துவம் தனிச்சுழி உலோகம் உண்டா என்பதைச் சார்ந்திருக்கவில்லை. இத்துறையில் ஓர் அளவீட்டை மதிப்பிடும் ஆய்வாளர், சரிவின் குறியைக் கேட்பதற்கு முன் மூன்று விகிதங்களைக் கேட்டல் வேண்டும்: வெப்பநிலைக்கும் ஃபெர்மி வெப்பநிலைக்கும் உள்ள விகிதம், வெப்ப ஆற்றலுக்கும் சிதறல் வீதத்துக்குரிய ஆற்றலுக்கும் உள்ள விகிதம், கட்ட ஒருமை நீளத்துக்கும் ஓரிடப்படுதல் நீளத்துக்கும் உள்ள விகிதம். இம்மூன்றும் தெரிந்த பின்னரே ஒரு வளைகோடு எந்தக் கோட்பாட்டின் முன் நிறுத்தப்பட வேண்டியது என்பது விளங்கும்.